அரைச் சாண் சரிவு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் விசைப்படகு ஓடக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்று ஆண்டுதோறும் போடப்படும் தடை இது. முன்பு 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாள். அந்த நாட்களில் தூத்துக்குடியில் படகைக் கரையேற்றி, அடிப்பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரிப்பார்கள். பின்பக்கம் தண்ணீருக்குள்ளேயே கிடந்து தேய்ந்த புரொபெல்லர் சாஃப்ட்டை உருவி எடுத்து லேத் பட்டறைக்கு அனுப்புவதும் அப்போதுதான்.

1986 வரை தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், நெல்லை, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் கடந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. இந்த ஆற்றுப் படுகைக்குக் கடைசல் வேலை புதிதல்ல. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் கடைசல் பட்டறையில் சுழன்று, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏறி வருபவை. மரத்தில் ஒரு நூல் அளவு கூடினாலும் குறைந்தாலும் சொப்பு சொப்புதான். சாஃப்ட்டில் அந்தச் சலுகை கிடையாது, அதுவும் அதன் கடைசி அரைச் சாண் நீளத்தில்.

அந்த அரைச் சாணில்தான் புரொபெல்லர் உட்கார்கிறது. அது நேரான உருளையாக இருக்காது. முனையை நோக்கி மெல்ல ஒடுங்கிக்கொண்டே போகும். பட்டறையில் இதை டேப்பர் என்பார்கள். அதற்கு அப்பால் மரை, மரையில் நட்டு. சாஃப்ட்டின் மீதி இரண்டு மூன்று மீட்டரும் வெறும் நேர்க்கம்பிதான். டர்னரின் திறமை முழுதும் இந்த ஒடுங்கும் பகுதிக்குத்தான் போகிறது.

ஏன் ஒடுங்க வேண்டும்? குந்தாலிக்குக் காம்பு போடுவதைப் பார்த்திருந்தால் பாதி விளங்கிவிடும். ஒல்லியான முனையில் இரும்பை நுழைத்து, பருத்த முனையைத் தரையில் ஓங்கிக் குத்தினால் இரும்பு தானே இறங்கி இறுகிக்கொள்ளும். புரொபெல்லரின் நடுக்குடத்திலும் உள்துளை அதே சரிவில் ஒடுங்கியிருக்கும். நட்டை இறுக்கும்போது குடம் சரிவில் ஏறுகிறது, ஏற ஏற இறுகுகிறது, இறுகும்போதே சாஃப்ட்டின் நடுக்கோட்டுக்கு வந்து நிற்கிறது. நேர்க்கம்பியில் இது நடக்காது. சுலபமாக நுழைய வேண்டுமானால் துளை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஆடும். கழற்றுவதிலும் டேப்பருக்கே வசதி: புல்லர் போட்டு ஒரு மயிரிழை நகர்த்திவிட்டால் போதும், அப்புறம் கையோடு வந்துவிடும்.

இந்தப் பிடிப்பு எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடுகிறது. கியர்பாக்ஸ் அதை மூன்றில் ஒன்றாக்கி 600 சுற்றாகக் கொடுக்கிறது. அப்படியானால் சாஃப்ட்டின் முறுக்குவிசை ஏறக்குறைய 1,190 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. சாஃப்ட்டில், டேப்பரின் சராசரி ஆரமான 22 மி.மீ. தூரத்தில் அது சுமார் ஐந்தரை டன் தள்ளுவிசையாகிறது. குடத்துக்கும் சாஃப்ட்டுக்கும் இடையே ஐந்தரை டன் வழுக்கப் பார்க்கிறது. வழுக்காமல் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டு சரிவுகளின் உரசல். இரண்டிலும் வெட்டிய பள்ளத்தில் (கீவே) கீ என்ற சிறு உலோகக் கட்டை இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்கலாம். அதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு ஒன்று: சுமையைத் தாங்க வேண்டியது கீ அல்ல.

டேப்பரை விகிதத்தில் சொல்வது வழக்கம். 1:10 என்றால் 10 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். சிறு படகுகளுக்கான சர்வதேசத் தரம் 1:10. அமெரிக்க வழியில் வரும் புரொபெல்லர்களில் 1:16 இருக்கும். 1:12-உம் உண்டு. துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களில் 1:15, 1:20 என்று இன்னும் மென்மையான சரிவு. அங்கே பல சமயம் கீ இருக்காது, எண்ணெயை அழுத்தத்தில் செலுத்திக் குடத்தை விரித்து ஏற்றுவார்கள். அது வேறு உலகம். நம் கதைக்கு 50 மி.மீ. சாஃப்ட், 1:10 டேப்பர், 120 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய முனை 50, சிறிய முனை 38.

டேப்பரில் அளவுப் பிழையும் கோணப் பிழையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. விட்டத்தில் 0.05 மி.மீ. அதிகமாகக் கடைந்துவிட்டால் என்ன ஆகும்? 1:10 சரிவு என்பதால் புரொபெல்லர் அரை மி.மீ. முன்னே போய் உட்காரும், அவ்வளவுதான். பிடிப்பில் ஒரு குறையும் இல்லை. நேர்க்கம்பியில் 0.05 தவறினால் பேரிங் போச்சு. டேப்பரில் அது வெறும் இட மாற்றம். ஆனால் கோணம் தவறினால் கதை வேறு. 1:10-க்கு ஒரு பக்கச் சரிவு 2 பாகை 51 நிமிடம் 45 நொடி. இதில் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், 120 மி.மீ. நீளத்தின் மறுமுனையில் ஒரு பக்கத்துக்கு 0.21 மி.மீ. இடைவெளி விழுகிறது. குடம் ஒரு முனையில் மட்டும் வளையம் மாதிரிக் கடித்துக்கொண்டு, மறுமுனையில் தொடாமல் நிற்கும். கையால் அசைத்தால் தெரியாது. நட்டும் நன்றாக இறுகும். கடலில் நூறு மணி நேரம் ஓடிய பிறகுதான் தெரியும்.

ஆகவே டர்னரின் கவலை முழுதும் கோணத்தில் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் படித்தவர்களுக்கு டேப்பர் கடைவதற்குப் பல வழிகள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஃபார்ம் டூல் இங்கே உதவாது, அது குட்டைச் சரிவுக்கு. டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்துவது புத்தகத்தில் அழகாக இருக்கும், படகுச் சாஃப்ட்டில் நடக்காது. காரணம், நகர்த்த வேண்டிய தூரம் டேப்பரின் நீளத்தைப் பொறுத்ததல்ல, சாஃப்ட்டின் முழு நீளத்தைப் பொறுத்தது. இரண்டு மீட்டர் சாஃப்ட்டுக்கு 1:10 வேண்டுமானால் டெயில்ஸ்டாக்கை 100 மி.மீ. நகர்த்த வேண்டும்; மூன்று மீட்டருக்கு 150. எந்தப் பட்டறை லேத்தும் அவ்வளவு நகராது. டேப்பர் அட்டாச்மென்ட் இருந்தால் அதுவே சிறந்தது. ஆட்டோ ஃபீடில் சீராக வெட்டும். பெரும்பாலான சிறு பட்டறைகளில் அது இருப்பதில்லை. மிஞ்சுவது காம்பவுண்ட் ஸ்லைடு: டூல் போஸ்ட்டுக்கு அடியில் இருக்கும் சிறு ஸ்லைடைக் கோணத்துக்குத் திருப்பி, கையால் கைப்பிடியைச் சுற்றி வெட்டுவது.

காம்பவுண்டின் அடியில் பாகைக் கோடுகள் இருக்கும், ஒரு பாகைக்கு ஒரு கோடு. 2 பாகை 51 நிமிடத்தை அதில் கண்ணால் வைக்க முயல்வது வீண். பத்தில் ஒரு பாகைப் பிசகு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். அந்தக் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். கோடுகள் தோராயத்துக்கு மட்டும். சரியாக வைப்பது டயல் காஜின் வேலை.

நேராகக் கடைந்த பகுதியின் மீது, டூல் போஸ்ட்டில் பிடித்த டயலை லேத்தின் மைய உயரத்தில் பக்கவாட்டில் தொட வைத்து, காம்பவுண்டை அதன் சொந்த அளவில் 50 மி.மீ. நகர்த்த வேண்டும். 1:10 என்றால் டயல் 2.50 காட்ட வேண்டும். 1:12-க்கு 2.08, 1:16-க்கு 1.56. கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி, மெல்லத் தட்டித் தட்டிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கைப்பிடியை ஒரே திசையில் சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூவின் தளர்ச்சி கணக்கில் புகுந்துவிடும். இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. தேயாத டேப்பர் உள்ள பழைய சாஃப்ட் கையில் இருந்தால், அதை இரு சென்டருக்கு நடுவே ஏற்றி, கீவே இல்லாத பக்கத்தில் டயலை ஓட விடலாம். காம்பவுண்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது முள் அசையாமல் நின்றால் கோணம் சேர்ந்துவிட்டது. எண்ணே தேவையில்லை.

டூல் முனை சரியாக மைய உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் அலட்சியம் செய்வார்கள். நேராகக் கடையும்போது கொஞ்சம் ஏறி இறங்கினால் பெரிய பாதகமில்லை. டேப்பரில் டூல் ஏறியோ இறங்கியோ இருந்தால் சரிவு நேர்கோடாக வராது. நடுவில் மிக லேசாகக் குழிந்து வளைகோடாகும். கோணம் எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும் இந்தக் குழியை அது சரி செய்யாது.

காம்பவுண்டின் பயண நீளமும் ஒரு தலைவலி. 120 மி.மீ. டேப்பருக்கு ஸ்லைடு 100 தான் ஓடுகிறது என்றால், இரண்டாகப் பிரித்து வெட்டத் தோன்றும். சேருமிடத்தில் ஒரு படி கட்டாயம் விழும். அந்த வேலையைப் பெரிய லேத் உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுவதே நேர்மை.

சாஃப்ட்டை லேத்தில் ஏற்றுவதும் சாமானியமல்ல. 50 மி.மீ. விட்டம், மூன்று மீட்டர் நீளம் உள்ள ஸ்டீல் சாஃப்ட் ஏறத்தாழ 46 கிலோ. ஸ்பின்டில் துளை போதுமான அளவு இருந்தால் உள்ளே நுழைத்து, டேப்பர் வரும் முனையை மட்டும் வெளியே விட்டு, டெயில்ஸ்டாக் சென்டரில் தாங்கலாம். அப்போது மீதி நீளம் ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஸ்டாண்ட் வைத்துத் தாங்காமல் வேகமாக ஓட்டினால் கம்பி வளைந்து விசிறியடிக்கும். பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. துளைக்குள் போகாத சாஃப்ட்டுக்கு நீளமான பெட்டும் ஸ்டெடி ரெஸ்ட்டும் வேண்டும். சிறிய சி.என்.சி. லேத்துகள் இதற்கு உதவாததும் இதனால்தான். கோணத்தை அவை நொடியில் வெட்டும், ஆனால் மூன்று மீட்டரை எங்கே வைப்பது? பழைய நீள பெட் லேத்துகளுக்குக் கடற்கரை ஊர்களில் இன்னும் மரியாதை இருக்கிறது.

உலோகம் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 அல்லது 316. உப்புத் தண்ணீருக்கு 316 மேல். ஸ்டெயின்லெஸ் என்பதால் துருவே பிடிக்காது என்று நம்புவது தவறு. தேங்கி நிற்கும் தண்ணீரில், காற்று படாத இடுக்கில், அதுவும் குழி குழியாக அரிக்கும். சாஃப்ட்டில் அப்படிப்பட்ட இடுக்கு குடத்துக்குள்ளும் புஷ்ஷுக்குள்ளும்தான். கடையும்போது இதற்கு ஒரு குணம் உண்டு: டூல் வெட்டாமல் உரசினால் மேற்பரப்பு கெட்டிப்பட்டுவிடும், அடுத்த வெட்டு டூலைத் தின்றுவிடும். ஹைஸ்பீடு டூல் என்றால் 50 மி.மீ.க்கு நிமிடம் 115 சுற்றுப் போல மெதுவாக ஓட்டி, கூலன்ட் விட்டு, தயங்காமல் வெட்ட வேண்டும். காம்பவுண்டைச் சுற்றும் கை நடுவில் நின்றால் அந்த இடத்தில் வளையம் விழும். இரண்டு கையும் மாறி மாறி, ஒரே சீராக.

கோணம் சேர்ந்ததா என்பதற்குக் கடைசிச் சாட்சி புரொபெல்லரேதான். அதனால் சாஃப்ட்டை மட்டும் கொண்டுவந்து, "அண்ணாச்சி, பழைய அளவுலயே அடிச்சுக் குடுங்க" என்றால் நல்ல டர்னர் புரொபெல்லரையும் கேட்பார். டேப்பரின் மேல் புளூ எனும் நீலச் சாயத்தை மெல்லிய பூச்சாகத் தடவி, குடத்தை ஏற்றி லேசாக அசைத்துவிட்டு எடுத்தால், தொட்ட இடமெல்லாம் துளையில் நீலமாகப் பதியும். பெரிய முனையில் மட்டும் பதிந்தாலும் சிறிய முனையில் மட்டும் பதிந்தாலும் கோணம் தவறு. நடுவில் மட்டும் பதியாவிட்டால் டூல் உயரத்தைப் பார்க்க வேண்டும். கப்பல் தர நிறுவனங்கள், கீ இல்லாத பொருத்தத்துக்கு 70 சதவீதமாவது தொட வேண்டும் என்கின்றன. படகுக்கும் அதையே இலக்காக வைக்கலாம். முழுதும் சமமாக வராவிட்டால், பெரிய முனைப் பக்கம் அழுத்தமாக இருப்பது மேல்.

புது புரொபெல்லருக்குத் துளையும் சேர்த்துக் கடைவதானால் அழகான உத்தி ஒன்று இருக்கிறது. சாஃப்ட்டை முடித்ததும் காம்பவுண்டை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, குடத்தின் பெரிய வாய் வெளிப்பக்கம் வரும்படி சக்கில் பிடித்து, போரிங் டூலைத் தலைகீழாக மாட்டி, துளையின் எதிர்ப்பக்கச் சுவரில் வெட்ட வேண்டும். ஒரே கோணம், ஒரே ஸ்லைடு. கோணத்தில் ஏதாவது சிறு பிழை இருந்தால்கூட இரண்டிலும் அதே பிழை இருக்கும். பிழைக்குப் பிழை பொருந்திவிடும்.

புளூ சரியாக வராவிட்டால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைப் போட்டுக் குடத்தையே சுற்றித் தேய்த்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மயிரிழைக் குறைக்கு அது மருந்து. கோணப் பிழைக்கு அல்ல. அதிகம் தேய்த்தால் குடத்தின் விளிம்பு நிற்குமிடத்தில் சாஃப்ட்டில் ஒரு சிறு படி விழும். பிறகு நட்டை இறுக்கும்போது குடம் மேலே ஏறப் பார்த்து அந்தப் படியில் முட்டிக்கொள்ளும். இறுகியது போலத் தோன்றும், இறுகியிருக்காது.

நீளத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. டேப்பரின் சிறிய முனை குடத்துக்குள் இரண்டு மூன்று மி.மீ. உள்வாங்கி முடிய வேண்டும். இல்லையென்றால் நட்டு குடத்தை அழுத்தாமல் சாஃப்ட்டையே அழுத்திக்கொண்டிருக்கும். பெரிய முனை குடத்துக்கு வெளியே சற்று நீண்டிருக்க வேண்டும், ஏறுவதற்கு இடம் வேண்டுமே.

இப்போது கீ. டேப்பர் சரியாகப் பிடித்தால் கீக்குச் சுமை அநேகமாக இல்லை. வலைக் கயிறு சுற்றிக்கொண்டு புரொபெல்லர் சட்டென்று நிற்கும்போதும், ஆற்று முகத்தில் மணல் திட்டில் அடிக்கும்போதும் அது காப்பு. கீ பக்கவாட்டில் கச்சிதமாக இருக்க வேண்டும், மேலே இடைவெளி வேண்டும். மேலே தொட்டால் குடம் சரிவில் உட்காராமல் கீயின் மேல் உட்கார்ந்துவிடும். சோதிப்பது சுலபம்: கீ இல்லாமல் குடத்தைக் கையால் அழுத்தி ஏற்றி, அதன் முன் விளிம்பில் சாஃப்ட்டில் ஒரு கோடு போடுங்கள். கீயைப் போட்டு மறுபடி ஏற்றுங்கள். குடம் அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் கீயின் முதுகை ராவ வேண்டும்.

சாஃப்ட் உடைவதென்றால் பெரும்பாலும் டேப்பரின் பெரிய முனையில், கீவே முடியுமிடத்தில் உடையும். முறுக்கும் வளைவும் அங்கேதான் கூடுகின்றன. கீவேயின் முடிவு கூர்மையான மூலையாக இருந்தால் விரிசல் அந்த மூலையில் தொடங்கும். கீவேயின் முடிவைப் படகின் அடி மாதிரி மெல்ல மேலேறி மறையும்படி வெட்டி, உள் மூலைகளை உருட்டிவிட்டால் சாஃப்ட்டின் ஆயுள் கூடும். கழற்றிய சாஃப்ட்டை மறுபடி போடுவதற்கு முன், அந்த இடத்தைத் துடைத்துச் சிவப்புச் சாய ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும்.

தேய்ந்த டேப்பரை என்ன செய்வது? வெல்டிங் வைத்து ஏற்றிக் கடைவது மலிவான வழி, எனக்குச் சம்மதமில்லாத வழியும் அதுதான். சுமை அதிகம் விழும் இடத்தில் சூடு வைத்தால் சாஃப்ட் வளையும், உலோகத்தின் குணமும் மாறும். லேசாக வழித்துக் கடையலாம், ஆனால் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும்: விட்டத்தில் அரை மி.மீ. எடுத்தால் புரொபெல்லர் 5 மி.மீ. முன்னே போய்விடும். குடத்துக்கும் பின்புஷ்ஷுக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று படகில் போய் அளந்துவிட்டு வர வேண்டும். டேப்பரின் சிறிய முனை குடத்துக்குள் எவ்வளவு தள்ளி முடிகிறது என்பதையும் அதே கையோடு பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடமில்லை என்றால் புது சாஃப்ட்தான்.

கடைசியாக நட்டு. இரண்டு நட்டு போடும் சாஃப்ட்டில் ஒல்லி நட்டு முதலில், தடித்த நட்டு அதன் மேல். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும். வெளி நட்டை இறுக்கும்போது சுமை முழுதும் அதற்கு மாறிவிடுகிறது, மரை அதிகம் வேண்டியது அதற்குத்தான். ஸ்ப்ளிட் பின் போட்டு, குடத்திலும் சாஃப்ட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கீறிவிட வேண்டும். படகு சில நாள் ஓடியபின் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நட்டை மட்டும் இறுக்கிவிட்டு விடாமல், குடத்தைக் கழற்றி மறுபடி புளூ வைத்துப் பார்க்க வேண்டும்.